ஆட்டம், மூச்சு, கச்சான் காற்று

நின்று பாடுகிற உடம்புக்கும் துள்ளிப் பாடுகிற உடம்புக்கும் காற்றுக் கணக்கு வேறு. சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 16 தடவை மூச்சு விடுகிறோம். உள்ளே போகும் காற்று 6 முதல் 8 லீற்றர். வேகமான ஆட்டத்தில் அது நிமிடத்துக்கு 60 லீற்றரைத் தாண்டும். ஒன்றரைச் செக்கனுக்கு ஒரு மூச்சு என்று உடம்பு கேட்கும். பாட்டு கேட்பது இதற்கு நேர்மாறு: ஓர் அடி முடியும்வரை ஐந்தாறு செக்கன் நீண்ட வெளிமூச்சு, இடையில் அரைச் செக்கனில் ஓர் உள்மூச்சு. பாடும்போது குரல்நாண்களுக்கிடையே கசிந்து போகும் காற்று செக்கனுக்கு 100 முதல் 200 மில்லிலீற்றர்தான். பெருக்கிப் பார்த்தால் நிமிடத்துக்கு 6 முதல் 12 லீற்றர். கால்கள் 60 கேட்கின்றன, தொண்டை 12ஐத்தான் விடுகிறது.

மிச்சம் என்ன ஆகும்? இரத்தத்தில் காபனீரொட்சைட்டு தேங்கும். மூச்சுத் திணறலாகத் தெரிவது பெரும்பாலும் அதுதான். ஒட்சிசன் குறைவதற்கு முன்னமே அது வந்துவிடும். பாடகர் அடியின் கடைசிச் சொல்லை விழுங்குவார், தொண்டையை இறுக்குவார், சுருதி நழுவும். குரல்நாணுக்குக் கீழே அமுக்கம் ஏறினால் சுருதியும் ஏறும் என்பதால், துள்ளி விழும் கணத்தில் வயிறு குலுங்கும்போது நீட்டிப் பிடித்த சுரம் ஒரு வெட்டு வெட்டும். தேர்ந்த ஆட்டப் பாடகர்கள் கால் தரையில் படும் கணத்தைச் சொற்களுக்கு நடுவில் போட்டுக்கொள்வது இதனால்தான்.

கிழக்கிலங்கைக் கூத்துக்களரி இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது. ஆட்டக்காரர் அடியைப் பாடுவார். அண்ணாவியாரும் (கூத்தைப் பழக்கி நடத்தும் ஆசான்) பிற்பாட்டுக்காரரும் அதை வாங்கிப் பாடுவார்கள். அவர்கள் பாடும் நேரத்தில் ஆட்டக்காரர் மத்தளத்துக்கு ஆடுவார், மூச்சை மீட்பார். இரவிரவாக ஆட முடிவது இந்தப் பங்கீட்டால். கொரியப் பொப் குழுக்களில் ஐந்து, ஏழு பேர் ஒரு பாட்டை அடி அடியாகப் பிரித்துக்கொண்டு, பாடுகிறவர் நடுவில் ஏறத்தாழ நிற்க மற்றவர்கள் சுற்றி ஆடுவதும் அதே கணக்குத்தான். உடுப்பும் விளக்கும் மாறியிருக்கின்றன.

திருகோணமலைக் கரையில், உப்புவெளியிலோ நிலாவெளியிலோ 300, 400 பேருக்கு ஒரு சின்ன இசைவிழா வைக்கும் குழுவுக்கு இதிலிருந்து ஒரு நடைமுறை கிடைக்கிறது. நிமிடத்துக்கு 120 தாள அடி வேகத்தில் 4 நிமிடப் பாட்டு என்றால் 480 தாள அடிகள், நான்கு நான்காக 120 கட்டங்கள். கட்டங்களைத் தாளில் வரைந்து, பாட்டு மட்டும், ஆட்டம் மட்டும், இரண்டும் என்று மூன்று நிறத்தில் தீட்டுங்கள். ‘இரண்டும்’ என்ற நிறம் தொடர்ந்து 8 கட்டங்களுக்கு, அதாவது 16 செக்கனுக்கு மேல் ஓடினால் அந்த இடத்தை உடையுங்கள்: ஒன்றில் கூட்டுக்குரல் வாங்கட்டும், அல்லது ஆட்டம் கைகளுக்கும் தோளுக்கும் சுருங்கட்டும். உச்ச சுரத்துக்கு முன்னே 2 கட்டம் அசையாமல் நின்றால் 4 செக்கன் கிடைக்கும், இரண்டு நல்ல மூச்சுக்கு அது போதும். பின்னணித் தடத்தில் கூட்டுக்குரலைப் பதிந்து வைப்பதில் வெட்கமில்லை. முதற்குரலையே தடத்தில் ஓடவிட்டு வாயசைப்பது பெரிய அரங்கில் தப்பிவிடும். மூன்று மீற்றரில் சனம் நிற்கும் மணலில் தப்பாது.

பயிற்சிக்கு இயந்திரம் தேவையில்லை, கரை போதும். உலர்ந்த மணலில் நடக்க, கெட்டித் தரையில் நடப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். முதலில் அலை நனைத்த இறுகிய விளிம்பில் வேகநடை நடந்தபடி முழுப்பாட்டையும் பாடுங்கள். சொல் உடையாமல் முடிந்தால் மெல்லோட்டம், பிறகு உலர்ந்த மணல். கிழமைக்கு மூன்று நாள், ஐந்தாறு கிழமை. முதல் நாளே உலர்மணலில் தொடங்குகிறவர் பெரும்பாலும் கெண்டைக்காலைத்தான் பிடித்துக்கொண்டு திரும்புவார்.

அடுத்தது சூடு. ஆட்டத்தில் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வெப்பமாகவே போகிறது. 500 வாற்று வேகத்தில் ஆடுகிறவர் 400 வாற்று வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும், மணித்தியாலத்துக்கு 1.44 மெகாயூல். ஒரு லீற்றர் வியர்வை முழுதாக ஆவியானால் 2.4 மெகாயூலைக் கொண்டுபோகும். ஆகவே 600 மில்லிலீற்றர் வியர்வை போதும், அது ஆவியாகினால். வழிந்து சொட்டும் வியர்வை குளிர்விக்காது.

இங்கேதான் கச்சான் வருகிறது. (கச்சான் என்றதும் வேர்க்கடலைச் சுருள் நினைவுக்கு வருகிறவர்கள் மன்னிக்க; அது விழா வாசலில் விற்கும்.) மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது அமுங்கிச் சூடாகி, உலர்ந்து திருகோணமலைக்கு வருகிறது. கச்சான் அடிக்கும் பின்னேரத்தில் வியர்வை தோன்றிய கணமே காய்ந்துவிடும். சட்டை நனையாததால் ஆட்டக்காரர் தண்ணீரை மறப்பார், மூன்றாம் பாட்டில் தலை சுற்றும். காற்று திரும்பிக் கடலிலிருந்து வீசினால் நிலைமை தலைகீழ்: ஈரப்பதன் ஏறும், சட்டை பிழியலாம், எவ்வளவு குடித்தாலும் உடம்பு ஆறாது. முதலாவதற்கு மருந்து, தாகம் பார்க்காமல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை 150 முதல் 200 மில்லிலீற்றர். இரண்டாவதற்கு மேடையோரத்தில் ஒரு பெரிய மின்விசிறி. நீண்ட ஒத்திகை நாளில் வெறும் தண்ணீரோடு நிற்காமல் ஜீவனி (உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீரிழப்புத் தூள்) கரைத்து வையுங்கள், பொதியில் எழுதிய அளவு நீரில். ருசிக்காகக் கூடக் குறையக் கரைத்தால் உப்புக் கணக்கு கெட்டுவிடும்.

மைக் பிடிப்பதில் போகும் சத்தம் பலருக்குத் தெரிவதில்லை. வாய்க்கும் மைக்குக்கும் இடையே தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். துள்ளும்போது 3 சென்ரிமீற்றர் 12 ஆனால் 12 டெசிபல் போயிற்று. சவுண்ட்காரர் ஈடுகட்ட ஏற்றுவார், உடனே ஒலிபெருக்கிப் பெட்டி கூவும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்தால் மைக் உடம்போடு சேர்ந்து துள்ளும், தூரம் மாறாது. இன்னொரு பழக்கம், ‘ஸ்டைலுக்காக’ மைக்கின் தலையை உள்ளங்கையால் மூடிப் பிடிப்பது. பின்பக்கச் சத்தத்தைத் தள்ளிவிடும் வேலையைச் செய்வது அந்தத் தலையின் பின்புறத் துளைகள். அவற்றை அடைத்தால் மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கும், அங்கேயும் கூவல்தான். தலையில் மாட்டும் மைக் இரண்டையும் தீர்க்கும். ஆனால் அதை வாய்க்கு நேரே வைக்காமல் கடைவாயோரம் வைத்து, நுரைத்தொப்பி போடாவிட்டால் கேட்பது மூச்சும் காற்றும் மட்டுமே.

மேடைத் தளத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். உயரத் துள்ளி இறங்கும் கணத்தில் கால்கள் தாங்குவது உடல் நிறையின் மூன்று, நான்கு மடங்கு. மணலில் நிற்கும் இரும்புக்கால்களுக்குக் கீழே அகலப் பலகை வைக்காவிட்டால் ஒன்றிரண்டு கால் புதைந்து தளம் சரியும். 120 அடி வேகம் என்பது செக்கனுக்கு 2 துள்ளல். ஆறு பேர் ஒன்றாகத் துள்ளினால் மூலைவிட்டக் குழாய் பூட்டாத சட்டம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். சனம் வருமுன் ஆறு பேரை ஏற்றித் துள்ளவிட்டு மைக் தாங்கியின் நுனியைப் பாருங்கள். அவர்கள் நின்ற பிறகும் நுனி ஆடினால் பூட்டு எங்கோ குறைகிறது. இருட்டியதும் உப்புப்பனி ஒட்டுப்பலகையை வழுக்க வைக்கும், உலர்துணியால் துடைக்க ஓர் ஆள் வேண்டும். மின்பிறப்பாக்கியின் புவித்தொடுப்புக் கம்பியை உலர்மணலில் அடித்தால் அது பேருக்குத்தான். ஈரமண் வரை இறக்க வேண்டும், மின் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் மேடைக்கு மின் கொடுக்கவே கூடாது.

மேடை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதுதான் கடற்கரை விழாவில் பெரிய தீர்மானம். தரைக்கருகே காற்று மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசும். காற்றோடு போகும் ஒலி அதனால் கீழ்நோக்கி வளைந்து சனத்தின் காதில் விழும்; எதிர்காற்றில் போகும் ஒலி மேல்நோக்கி முறிந்து தலைக்கு மேலால் போய்விடும். பின்வரிசைக்காரர் ‘சத்தம் காணாது’ என்பது அப்போதுதான். பெட்டியை எவ்வளவு ஏற்றினாலும் வளைவு நேராகாது.

எமது கரையில் கடல் கிழக்கே, கச்சான் மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வீசுகிறது. மேடையைத் தரைப்பக்கம் வைத்துக் கடலைப் பார்க்க நிறுத்தினால் காற்று முதுகுப்பக்கம் இருந்து வரும், ஒலி சனத்தின் மேல் இறங்கும், மிச்சம் கடலுக்குப் போகும், ஊருக்கு இடைஞ்சல் குறைவு. இதில் ஒரே குறை சூரியன். ஜூன், ஜூலையில் அது மறைவது மாலை 6.30க்குச் சற்று முன். அதுவரை சனத்தின் கண் கூசும், போன் படத்தில் பாடகர் கருநிழலாக விழுவார். மேடையைக் கடலோரம் வைத்தால் பின்னால் அலை, படத்துக்கு அழகு. ஆனால் ஒலி எதிர்காற்றில், மைக்கில் காற்று, முழுச் சத்தமும் விடுதிகளை நோக்கி. அழகை விட்டுவிட்டு, கடல் பார்க்கும் மேடையில் பறை, மத்தளம் போன்ற வாத்தியங்களை முதலில் ஏற்றி, முகம் தெரிய வேண்டிய பாட்டை 6.30க்குப் பிறகு தொடங்குவதே நல்லது.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 30 பாகை வெப்பநிலையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். தூரம் இரட்டிக்க 6 டெசிபல் குறைவதால், பெட்டிக்கு 1 மீற்றர் முன்னே கேட்பதைவிட 40 மீற்றரில் 32 டெசிபல் போய்விடும். முன்பெட்டியை அலறவிடாமல் 25 மீற்றரில் இன்னொரு சோடிப் பெட்டி வைப்பார்கள். அந்தச் சோடிக்குத் தாமதம் கொடுக்காவிட்டால் பின்வரிசைக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும். 25 மீற்றருக்கு 72 மில்லிசெக்கன். அதோடு 10, 12 சேர்த்து 84 என்று வைத்தால் ஒலி மேடையிலிருந்தே வருவதாகக் காது நம்பும், முதலில் வந்த சத்தத்தின் திசையையே அது எடுத்துக்கொள்வதால்.

கைதட்டலில் இன்னொரு வேடிக்கை. 120 வேகத்தில் அரை அடி 250 மில்லிசெக்கன். 43 மீற்றரில் நிற்பவருக்குப் பாட்டு போய்ச்சேர 125, அவர் தட்டல் மேடைக்குத் திரும்ப 125. அவர் சரியான தாளத்தில் தட்டினாலும் மேடையில் அது அச்சொட்டாக எதிர்த்தாளத்தில் விழும். அதைக் கேட்டு ஆடினால் மொத்தக் குழுவும் இழுபடும். காலருகே இருக்கும் மொனிற்றர் பெட்டியை மட்டும் நம்பச் சொல்லி ஆட்டக்காரருக்குப் பழக்க வேண்டும்.

பணமில்லாத விழாவுக்கு விளம்பரம் என்றால் சனம் எடுக்கும் 20 செக்கன் போன் காணொளிதான். அதையும் இயற்பியல்தான் கெடுக்கிறது. 35 மீற்றரில் நின்று எடுத்தால் வாயசைவுக்கு 100 மில்லிசெக்கன் பிந்திச் சத்தம் பதியும். வாயும் பாட்டும் ஒட்டாததைக் கண் கண்டுபிடிக்கத் தொடங்குவது அந்த அளவில்தான். பேஸ் பெட்டிக்கு முன்னே நின்றால் போனின் சின்ன மைக் நிரம்பிக் குரல் கரகரக்கும். நடுவில், 8 முதல் 15 மீற்றரில், பேஸ் பெட்டிக்கு நேரே வராத ஓர் இடத்தில் கொடி நட்டு ‘இங்கே நின்று எடுங்கள்’ என்று எழுதி வையுங்கள். இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். போன் 60க்கு அமைந்திருந்தால் மலிவு விளக்குகளின் கீழ் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும், அமைப்பில் 50க்கு மாற்றினால் பெரும்பாலும் போகும். மிக்சரிலிருந்து நேரே எடுத்த ஒலிப்பதிவு தெளிவாக இருக்கும், ஆனால் அதில் ட்ரம்ஸ் மெலிந்து கிடக்கும், ஏனென்றால் சின்ன மேடையில் ட்ரம்ஸ் தன் பலத்திலேயே கேட்கிறது. போன் சத்தத்தை அடியில் கொஞ்சம் கலந்தால் கூட்டமும் வந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டொக்கியுமென்ற்’ ஆக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது படத்தைப் பிழிந்துவிடும்.

ஒலிபெருக்கி ஆட்டோவை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். 20 கிலோமீற்றர் வேகம் செக்கனுக்கு ஐந்தரை மீற்றர். வாசலில் நிற்பவருக்கு ஆட்டோவின் சொல் விளங்குவது முன்னே 50, பின்னே 50 மீற்றர் என்று வைத்தால் 18 செக்கன். அறிவிப்பை எந்த இடத்தில் பிடித்தாலும் ஒருமுறை முழுதாகக் கேட்க, அது அதில் பாதி, 9 செக்கனுக்குள் முடிய வேண்டும். ‘சனிக்கிழமை பின்னேரம் ஆறரை, உப்புவெளிக் கடற்கரை, பாட்டும் ஆட்டமும், அனுமதி இலவசம்.’ அவ்வளவுதான் கொள்ளும். பின்னணிப் பாட்டு வேண்டாம்: கூம்பு ஒலிபெருக்கியில் பேஸ் ஏறாது, நடுமீடிறன்கள் பேச்சோடு மோதும்.

ஒலிபெருக்கி அனுமதியைப் பொலிசிடம் முன்கூட்டியே எடுக்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாக அனுமதி இல்லை என்று 2007இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. 9 மணிக்குப் பிறகு மணல் குளிர்ந்து, தரைக்கருகே காற்று மேலேயுள்ளதைவிடக் குளிராகிவிடும். அப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து, மாலையில் எட்டாத வீடுகளையும் எட்டும். சவுண்ட்காரர் எதையும் தொடாமலே ஊருக்குச் சத்தம் கூடும். கடைசி இரண்டு பாட்டுக்குப் பேஸை 6 டெசிபல் இறக்கி, ஆட்டம் குறைந்த பாட்டாகப் போட்டு, 9.45க்கு முடித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஆட்டக்காரரிடம் மூச்சும் அவ்வளவுதான் மிஞ்சியிருக்கும்.