டிரேட் யூனியன்: வர்த்தக சங்கமா, தொழிற்சங்கமா?

இணையத்தில் வரும் மொழிபெயர்ப்புகளில் 'டிரேட் யூனியன்' அவ்வப்போது 'வர்த்தக சங்கம்' ஆகிவிடுகிறது. படிப்பவருக்குக் கடை முதலாளிகள் கூடி அமைத்த சங்கம் என்றே தோன்றும். கூலி உயர்வு கேட்டு நிற்பவர்களின் அமைப்புக்கு வியாபாரிகளின் பெயரைச் சூட்டுவதைச் சின்னப் பிழை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

'டிரேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதற்பொருள் தடம். கப்பல் போகும் வழியைக் குறித்த சொல் அது. வழி என்பது, ஒருவர் நாள்தோறும் விடாமல் போகும் வழி என்றாகி, பிறகு அவர் கற்றுச் செய்யும் கைத்தொழிலைக் குறித்தது. வாங்கல், விற்றல் என்ற பொருள் அதற்கும் பின்னால் வந்தது. 'டிரேட் விண்ட்' என்பதில் உள்ளதும் பழைய தடம்தான். ஒரே திசையில் தடம் மாறாமல் வீசும் காற்று. நம் பாடநூல்களில் அது 'வியாபாரக் காற்று' ஆகிவிட்டது.

ஐ.டி.ஐ.யில் படிக்கும் பிள்ளையிடம் "என்ன டிரேட்?" என்று கேட்டுப் பாருங்கள். ஃபிட்டர், வெல்டர், டர்னர் என்று பதில் வரும். 'டிரேட் யூனியன்' என்பதிலும் இதே பொருள்தான். ஒரே தொழில் செய்வோர் சேர்ந்த கூட்டு. ஆகவே தொழில் + சங்கம் = தொழிற்சங்கம். இதைவிடப் பொருத்தமான சொல் தேட வேண்டியதில்லை. 'தொழிச்சங்கம்' என்று எழுதுவது மட்டும் தவறு. லகரம் இங்கே றகரமாகத் திரிகிறது.

'டிரேட் பாலிசி' வேறு. அங்கே டிரேட் என்பது நாடுகளுக்கிடையிலான கொடுக்கல் வாங்கல். வணிகக் கொள்கை என்றோ வர்த்தகக் கொள்கை என்றோ எழுதலாம். சுங்கவரி, இறக்குமதிக் கட்டுப்பாடு, ஒப்பந்தம் எல்லாம் இதில் அடங்கும்.

தமிழில் சொற்கள் இரண்டாகப் பிரிந்தாலும் வாழ்க்கையில் அவை பிரிவதில்லை. சுங்கவரி மாறினால் ஆலை இடம் மாறும், அதில் வேலை செய்தவரின் அடுப்பும் அணையும். அதனால்தான் தொழிற்சங்கங்கள் வணிக ஒப்பந்தங்களில் தலையிடுகின்றன. 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த அமெரிக்க-மெக்சிகோ-கனடா ஒப்பந்தத்தில் அந்தத் தலையீட்டின் தடயம் உண்டு. வரிச்சலுகை வேண்டுமானால், ஒரு காரின் மதிப்பில் குறிப்பிட்ட பங்கு மணிக்குச் சராசரியாக 16 டாலராவது கூலி தரும் ஆலைகளில் உருவாகியிருக்க வேண்டும். சங்க உரிமையை மறுக்கும் ஆலையின் பொருள்களுக்குச் சலுகையை நிறுத்தி வைக்கவும் வழி உண்டு. இந்த விதியை 2021இல் முதன்முதலாக எதிர்கொண்டது மெக்சிகோவின் சிலாவோ நகரில் உள்ள ஒரு கார் ஆலை. அங்கே தொழிலாளர்கள் பழைய கூலி ஒப்பந்தத்தை வாக்களித்து நிராகரித்தார்கள். 2022 பிப்ரவரியில் இன்னொரு வாக்கெடுப்பு நடத்தி, சுயேச்சையான புதிய சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இத்தகைய கொள்கையைச் சிலர் 'தொழிலாளர் மைய வர்த்தகக் கொள்கை' என்று எழுதுகிறார்கள். ஆங்கில வாடை அடிக்கிறது. 'தொழிலாளர் நலன் காக்கும் வணிகக் கொள்கை' என்று நான் எழுதுவேன். சற்று நீளம்தான், ஆனால் யாருக்காக என்பது சொல்லிலேயே இருக்கிறது.