முதியோர் இல்லம் பார்க்கப் போகிறீர்களா? படுக்கையில் இருப்பவரைப் பாருங்கள்

"டாக்டர், இடம் நல்லா இருக்கு. ரூம் சுத்தமா இருக்கு, தோட்டம்கூட இருக்கு. அம்மாவைச் சேர்த்துடலாமா?" முதியோர் மருத்துவம் பார்ப்பதால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். பதிலுக்கு நான் ஒன்றைத்தான் கேட்பேன்: எழுந்து நடக்க முடியாமல், வாய்விட்டுக் கேட்கவும் முடியாமல் அங்கே இருப்பவர் யாரையாவது பார்த்தீர்களா?

நடமாடுகிறவருக்குத் தாகம் எடுத்தால் தானே எடுத்துக் குடித்துக்கொள்வார், கவனிப்பு சரியில்லையென்றால் சண்டை போடுவார். கேட்க முடியாதவரை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் ஓர் இல்லத்தின் தரம் தெரியும். இன்று தோட்டத்தில் நடக்கும் உங்கள் அம்மாவுக்கே நாளை அந்த நிலை வரலாம்.

அப்படிப் படுத்திருப்பவரின் அனுமதியோ அவர் குடும்பத்தாரின் அனுமதியோ பெற்றுக்கொண்டு கட்டில் அருகே போங்கள். உதடும் நாக்கும் காய்ந்து கிடக்கின்றனவா? தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டுகிறதா? அழைப்பு மணி கைப்பக்கம் இருக்கிறதா, தலைமாட்டுக்குப் பின்னால் சுருட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறதா? சாப்பாட்டு வேளை என்றால் இன்னும் நல்லது. படுத்தவாக்கிலேயே ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரும் ஆபத்து அதிகம். நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய் கொடுக்கிறவர் வேலை தெரிந்தவர்.

அடுத்தது படுக்கைப் புண். வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் ஆகிய இடங்களில் எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே தோல் நசுங்கி, ரத்த ஓட்டம் நின்றுபோவதால் வருவது இது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, பிறகு திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கருத்த தோலில் சிவப்பு தெரியாது; அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பார்கள். மெத்தையையும் உடல்நிலையையும் பொறுத்து இடைவெளி மாறலாம். காற்று மெத்தை போட்டாயிற்று, இனித் திருப்ப வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

திருப்பியதைக் குறிக்கும் தாளையும் மருந்து ரிஜிஸ்டரையும் காட்டச் சொல்லுங்கள். மற்றவர்களின் விவரம் அதில் இருப்பதால் பெயரை மறைத்துக் காட்டினால் போதும். மத்தியானம் போயிருக்கிறீர்கள், ராத்திரி 8 மணி மாத்திரைக்கு அதற்குள் கையெழுத்து விழுந்திருக்கிறது என்றால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியதில்லை. நாள் முழுவதும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, பிசகாமல் 2 மணி நேரத்துக்கு ஒரு டிக் இருந்தாலும் எனக்குச் சந்தேகம் வரும்.

பகலில் போகும்போதெல்லாம் பலரும் தூங்கிக்கொண்டே இருந்தால், என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள், யார் எழுதிக் கொடுத்தது என்று கேளுங்கள். மறதி நோய் உள்ளவர் கத்துகிறார், அலைகிறார் என்பதற்காக மனநோய் மருந்து கொடுத்து அடக்கிவைப்பது எனக்கு மிகவும் வேதனை தரும் விஷயம். இந்த மருந்துகள் மறதி நோய் உள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-இலேயே எச்சரித்துவிட்டது. வலியோ மலச்சிக்கலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தால்கூட அவர்கள் கத்துவார்கள். அதைத் தேடிப் பார்க்காமல் மாத்திரையைக் கூட்டுகிற இடம் ஆபத்தானது.

"எங்க இல்லத்துல யாரும் விழுந்ததே இல்லை" என்று பெருமையாகச் சொன்னாலும் தயங்குங்கள். வயதானவர்கள் விழத்தான் செய்வார்கள். யாருமே விழவில்லை என்றால், கட்டிப்போட்டிருக்க வேண்டும் அல்லது எழுதிவைக்காமல் விட்டிருக்க வேண்டும். போன மாதம் விழுந்தவர் எங்கே, எத்தனை மணிக்கு விழுந்தார், அதன் பிறகு நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று கேட்டால் நல்ல நிர்வாகி தயங்காமல் சொல்வார்.

ராத்திரி ட்யூட்டியில் எத்தனை பேர் என்று கண்டிப்பாகக் கேளுங்கள். தீப்பிடித்தால் படுக்கையில் இருப்பவர்களை அத்தனை பேரைக் கொண்டுதான் வெளியே எடுக்க வேண்டும். அவசர வழியில் சக்கர நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். குளியலறைக் குழாயைத் திறந்து கை வையுங்கள். முதியவர்களின் மெல்லிய தோல் 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் சில நொடிகளிலேயே வெந்துவிடும்.

சேர்த்த பிறகும் சொல்லாமல் கொள்ளாமல் வெவ்வேறு நேரங்களில் போய்வாருங்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதச் சொல்லுங்கள். முயலாமலேயே ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ எடை குறைந்தால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க ஒரு கேள்வி பாக்கி: எந்த நிலைமை வந்தால் எங்கள் அம்மாவைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகச் சொல்வீர்கள்? மூக்கில் குழாய் போட்டால், படுத்த படுக்கையானால், ராத்திரியில் கத்தினால்? பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.