போல்ட்டுக்கு மரை வேண்டாம், கேபிள் டைக்குத் தலை வேண்டும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கன்ட்ரோல் பேனல் செய்யும் பட்டறைகளுக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. வேலை கேட்டு வரும் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டும் 3டி மாடல்களில் கட்டாயம் ஒரு போல்ட் இருக்கும், மரை சுற்றுச் சுற்றாகப் பளபளக்கும். ஹெலிக்ஸ் என்ற திருகு வளைவைப் பழக நல்ல பயிற்சிதான். அதே போல்ட்டை, எல்லா பாகமும் ஒன்றுசேரும் அசெம்பிளிக்குள் கொண்டுவந்தால்தான் தொல்லை.

எம்6 போல்ட்டில், அதாவது 6 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டில், ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1 மி.மீ. 30 மி.மீ. நீளத்துக்கு மரை போட்டால் 30 சுற்று. அத்தனை வளைவையும் திரையில் காட்டக் கம்ப்யூட்டர் திணற வேண்டும். இருநூறு போல்ட் உள்ள பேனலைத் திருப்பிப் பார்ப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். இத்தனைக்கும் எம்6 என்று எழுதினாலே மரையின் அளவெல்லாம் அதில் அடங்கிவிடுகிறது. வெறும் உருளையாக வைத்து, மரை இருப்பதை அடையாளமாக மட்டும் காட்டும் காஸ்மெட்டிக் திரெட் போட்டால் போதும். மரையோடு 3டி பிரின்ட் எடுக்கப்போகிறீர்கள் என்றால் அது வேறு கதை.

சரி, போல்ட்டே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? அது இன்னும் மோசம். எம்6 அறுகோணத் தலைக்கு 10 மி.மீ. ஸ்பேனர், மூலைக்கு மூலை அளந்தால் தலை 11 மி.மீ. போல்ட் மையத்திலிருந்து பக்கத்துத் தகடு 6 மி.மீ. தள்ளி இருந்தால் தலை தாராளமாகச் சுழலும், மாடலும் பச்சைக்கொடி காட்டும். ஆனால் போல்ட்டை முடுக்கும் 10 மி.மீ. சாக்கெட்டின் வெளிவிட்டம் ஏறக்குறைய 14, 15 மி.மீ. வரும். "சார், போல்ட் போகுது, சாக்கெட் போகலை" என்று ஃபிட்டர் அண்ணன் வந்து நிற்பார். அதனால் ஒவ்வொரு தலைக்கு மேலும் டூல் நுழையும் அளவுக்கு ஓர் உருளையை வரைந்து மறைத்து வைத்திருக்கிறேன். போல்ட்டை விட அந்த உருளைதான் முக்கியம்.

இன்னொன்று. எம்6 டேப் போட, அதாவது துளைக்குள் மரை வெட்ட, 5 மி.மீ. துளை இடுவோம். துளையை அந்த அளவிலேயே விட்டு 6 மி.மீ. போல்ட் உருளையை உள்ளே வைத்தால், இடிபடுவதைச் சோதிக்கும்போது ஒவ்வொரு போல்ட்டும் தவறாமல் பட்டியலில் வரும். பார்த்துப் பார்த்துச் சலித்து, உண்மையாகவே இடிக்கும் ஒன்றையும் சேர்த்துத் தள்ளிவிடுவோம். சாலிட்ஒர்க்ஸ் என்ற டிசைன் மென்பொருளில், போல்ட் போன்ற ஃபாஸ்டனர்களைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கும் வசதி இருக்கிறது, அதை டிக் செய்யுங்கள்.

அப்புறம் கேபிள் டை, வயர்களைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை. விமான வயரிங்கைக் கட்டுவதற்காக 1958இல் தாமஸ் அண்ட் பெட்ஸ் கொண்டுவந்த சாமான். நம் கிண்டி தொழிற்பேட்டைக்கும் அதே வயதுதான். இதில் நடக்கும் குளறுபடியே தனி. 12 மி.மீ. வயர் கட்டுக்கு ஒரு வளையம், 20 மி.மீ. கட்டுக்கு இன்னொன்று என்று வரைந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பார்ட் நம்பர் கொடுத்துவிடுகிறார்கள். வாங்குவதோ 200 மி.மீ. நீளத்தில் ஒரே பாக்கெட். வளையம் எத்தனை அளவில் இருந்தாலும் பார்ட் நம்பர் ஒன்றாக இருக்கட்டும்.

எல்லா டையையும் வரையத் தேவையே இல்லை. வயர் ஓடும் மூடிய பாதையான டக்ட்டுக்குள் போகும் கட்டுக்கு, பி.ஓ.எம். என்ற பொருள் பட்டியலில் எண்ணிக்கை மட்டும் வந்தால் போதும். வரையாமலே பட்டியலில் சேர்க்க கிரியோ மென்பொருளில் பல்க் ஐட்டம், இன்வென்டர் மென்பொருளில் விர்ச்சுவல் காம்போனன்ட் இதற்குத்தான் இருக்கின்றன. கதவுக் கீல் பக்கம் போகும் வயருக்கு மட்டும் கட்டாயம் வரையுங்கள். வயர் மடங்கும் இடத்தை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் டை வர வேண்டும். டையின் புடைத்து நிற்கும் பூட்டுத் தலை கதவு மூடும் பக்கம் திரும்பியிருந்தால், மூடும்போதெல்லாம் தகட்டில் உரசும். வளையத்தை ஒழுங்காக வரைந்துவிட்டுத் தலையை விட்டுவிட்டால், வரைந்தும் பிரயோஜனம் இல்லை.

பி.ஓ.எம்.மில் "தேவைக்கேற்ப" என்று எழுதுவதை விடுங்கள். நீளம், அகலம், எண்ணிக்கை, நிறம் நான்கும் வேண்டும். மொட்டை மாடி வெயிலில் நிற்கப்போகும் பெட்டிக்கு யூவி தாங்கும் கறுப்பு ரகம் என்று குறிப்பிடாவிட்டால், பர்ச்சேஸ் ஆள் ரிச்சி தெருவில் கையில் கிடைத்த வெள்ளை பாக்கெட்டோடு வருவார். அந்த வெள்ளை நைலான் வெயிலில் காய்ந்து, தொட்டாலே ஒடியும்.