பொமேரியன் தொண்டையில் ஒரு தேங்காய்ச் சில்லு

தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டால் போதும், எங்கள் வீட்டுப் பொமேரியன் நாய் எந்த மூலையில் இருந்தாலும் அடுப்படிக்கு வந்து நிற்கும். அம்மா ஒரு சில்லைக் கீறி அதற்குப் போடுவார். பல வருடப் பழக்கம். போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை அப்படிப் போட்ட சில்லு தொண்டையில் நின்றுவிட்டது. எங்களுக்கு முதலில் புரியவே இல்லை, ஏனென்றால் சத்தமே வரவில்லை. வாயைப் பிளந்தபடி, முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டிக்கொண்டு, பின்பக்கமாகவே நகர்ந்து போனது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு நாவல்பழம் தின்றதுபோல் நீலமாக இருந்தது. பின்னந்தொடைகளைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் நாலு தட்டு தட்டினேன். சில்லு தரையில் விழுந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான். அதில் ஒரு பல் பட்ட தடம்கூட இல்லை.

அந்தத் தடம் இல்லாததுதான் விஷயம். நாய்க்கு 42 பற்கள், நமக்கு 32. எண்ணிக்கை கூடுதலாக இருந்தாலும் வேலை வேறு. நாயின் கடைவாய்ப் பக்கத்துப் பெரிய பற்கள் கத்தரிக்கோல் போல மேலும் கீழும் உரசி வெட்டுவதற்கானவை. தாடை பக்கவாட்டில் அசையாது. நாம் முறுக்கை மெல்வதுபோல் அரைக்க அதற்கு வராது. விழுங்க முடிகிற அளவுக்கு ஒரு துண்டு கிடைத்துவிட்டால், தலையை ஒரு வெட்டு வெட்டி உள்ளே தள்ளிவிடும். வாயில் வைத்துக்கொண்டிருப்பதால் லாபமும் இல்லை. மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி நம் எச்சிலில் உண்டு, நாயின் எச்சிலில் கிட்டத்தட்ட இல்லை. அந்த வேலையைக் கணையம் பார்த்துக்கொள்கிறது. ஓநாயிடம் இதற்கான மரபணு 2 பிரதிகள்தான் இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 வரை இருப்பதை ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். நாய்க்குச் சோறே ஆகாது என்று அடித்துப் பேசுபவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

சின்ன ஜாதிகளுக்கு இன்னொரு சங்கடம். அல்சேஷனின் நீண்ட தாடையில் இருக்கும் அதே 42 பற்கள் பொமேரியனின் குட்டித் தாடையிலும் நெருக்கியடித்து முளைக்கின்றன. இடுக்கில் கறை சேர்ந்து, ஈறு கெட்டு, சீக்கிரமே பல் ஆடத் தொடங்கும். பல் வலிக்கிற நாய் இன்னும் குறைவாகத்தான் கடிக்கும்.

தொண்டையில் இரண்டு குழாய்கள். உணவுக்குழாய் ரப்பர்போல விரியும். காற்றுக்குழாய் குருத்தெலும்பு வளையங்களால் ஆனது, விரியாது. விழுங்கும் நொடியில் குரல்வளையின் மூடி காற்றுப் பாதையை அடைத்துக்கொள்ளும். ஆனால் அவசரமாக விழுங்கும்போதே குரைத்தாலோ, மூச்சை உள்ளிழுத்தாலோ அந்த ஒழுங்கு குலைந்துவிடும்.

அறுவை சிகிச்சையின்போது 3 கிலோ நாயின் காற்றுக்குழாய்க்குள் செருகும் மூச்சுக்குழலின் உள்விட்டம் சுமார் 4 முதல் 5 மில்லிமீட்டர். 30 கிலோ லாப்ரடாருக்கு சுமார் 10. நாய் சின்னதாக இருந்தால் அதன் மூச்சுவழியும் சின்னது, அதில் வியப்பில்லை. ஆனால் வேர்க்கடலை யாருக்காகவும் சின்னதாவதில்லை. லாப்ரடார் ஒரு செருமலில் துப்பிவிடும் பருப்பு, பொமேரியனுக்குப் பாட்டிலில் வைத்த தக்கை. உருண்டையாகவும் வழுக்கலாகவும் இருப்பவைதான் மோசம்: வட்டமாக நறுக்கிய கேரட், திராட்சை, முழுக் கடலை. சப்பட்டையான துண்டு சில சமயம் ஓரத்தில் காற்றுக்கு வழிவிடும். உருண்டை விடாது.

மாட்டிக்கொண்டது எந்தக் குழாயில் என்று வெளியிலிருந்தே ஓரளவு தெரியும். உணவுக்குழாய் என்றால் மூச்சு ஓடும். எச்சில் ஒழுகும், திரும்பத் திரும்ப விழுங்கப் பார்க்கும், குமட்டும். கோழி எலும்பு பெரும்பாலும் இப்படித்தான், நெஞ்சுக்குள் இதயத்தை ஒட்டியோ உதரவிதானத்துக்குச் சற்று மேலேயோ நின்றுவிடும். உடனே ஆபத்தில்லை என்று விட்டுவைத்தால் குழாயையே துளைத்துவிடும். காற்றுக்குழாய் முழுக்க அடைத்தால் சத்தம் இருக்காது. பலர் பயப்படுவது இதற்கு நேர்மாறாக. கழுத்தை நீட்டிக்கொண்டு மூக்கால் ‘கொர் கொர்’ என்று காற்றை உள்ளே இழுப்பது தலைகீழ்த் தும்மல். பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் அடங்கி, ஒன்றும் நடக்காததுபோல் வாலாட்டும். வாத்து கத்துவதுபோல் இருமினால், அது குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்து காற்றுக்குழாய் தட்டையாகும் நோயாக இருக்கலாம். பொமேரியன், யார்க்ஷயர் டெரியர், சிவாவா எல்லாவற்றிலும் இது சகஜம். டாக்டரிடம் காட்ட வேண்டியதுதான், ஆனால் தலைகீழாகத் தூக்க வேண்டியதில்லை.

உண்மையிலேயே அடைத்திருந்தால் முதலில் வாயைத் திறந்து பாருங்கள். துண்டு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் விரலால் எடுங்கள். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் கீழே போகும், பயத்தில் கடியும் விழும். அடுத்தது நான் செய்தது: தலைகீழாகத் தூக்கித் தோள்பட்டைகளுக்கு நடுவே தட்டுவது. அதற்கும் வரவில்லை என்றால், நாயின் முதுகை உங்கள் நெஞ்சோடு அணைத்து, விலா எலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே உள்நோக்கியும் மேல்நோக்கியும் சட்டென்று அழுத்த வேண்டும். நுரையீரலில் மிச்சமிருக்கும் காற்றே துண்டைப் பின்னாலிருந்து தள்ளும். மனிதர்களுக்குச் செய்யும் ஹைம்லிக் முறையும் இதே தத்துவம்தான். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹென்றி ஹைம்லிக் 1974இல் அதை வெளியிடுவதற்கு முன், மயக்க மருந்து கொடுத்த பீகிள் நாய்களின் மூச்சுவழியை அடைத்துத்தான் சோதித்துப் பார்த்தார். துண்டு வந்துவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். தொண்டை வீங்கலாம், துணுக்கு நுரையீரலுக்குள் போயிருக்கலாம்.

தொண்டையைத் தாண்டிவிட்ட துண்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. அங்கே விட்டம் பேசாது, எடை பேசும். வெங்காயத்தில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 15 கிராம் தாண்டினாலே ரத்தத்தில் மாற்றம் தெரியலாம். 3 கிலோ நாய்க்கு அது 45 கிராம், சுமாராக நாலைந்து சின்ன வெங்காயம். வேகவைத்தாலும் வீரியம் போகாது. சோர்வும் வெளிறிய ஈறும் தெரிய சில நாள் ஆகும் என்பதால், திங்கட்கிழமை ஊற்றிய சாம்பாரை வியாழக்கிழமை யாரும் சந்தேகிப்பதில்லை. சாக்லேட்டில் உள்ள, நாய்க்கு நஞ்சான தியோபுரோமினில் பாதி நாயின் உடம்பைவிட்டு வெளியேறவே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கறுப்பு சாக்லேட் என்றால் 12 கிராமே 3 கிலோ நாயைப் படபடக்க வைக்கப் போதும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் போடும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இன்னும் வேகம். நாயின் கணையம் அதைச் சர்க்கரை என்று நம்பி இன்சுலினைக் கொட்ட, ரத்தச் சர்க்கரை அரை மணி நேரத்திலேயே சரியலாம். இப்படி எதையாவது தின்றுவிட்டால் உப்புத்தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்காதீர்கள். அந்த உப்பே சின்ன நாய்க்குத் தனி விஷம்.

திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது ரொம்ப நாளாகத் தெரியும், காரணம்தான் பிடிபடாமல் இருந்தது. கேக் செய்யப் பயன்படுத்தும் ‘கிரீம் ஆஃப் டார்ட்டார்’ என்ற புளிப்புத் தூளைத் தின்ற நாய்களுக்கும், புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரிச் சிறுநீரகச் செயலிழப்பு வந்ததை அமெரிக்க நச்சியல் மருத்துவர்கள் 2021, 2022இல் எழுதினார்கள். மூன்றுக்கும் பொதுவானது டார்டாரிக் அமிலம். நம் சிறுநீரகச் செல்கள் சமாளித்துக்கொள்ளும் இந்த அமிலத்தை நாயின் செல்கள் சமாளிப்பதில்லை. நம் சமையலறையில் அது எந்த ஜாடியில் இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. புளிக்குழம்பும் ரசமும் ஊற்றிப் பிசைந்த மிச்சச் சோறுதான் நம் ஊர் வீட்டு நாய்களின் வழக்கமான சாப்பாடு. இத்தனை சொட்டு வரை பரவாயில்லை என்று ஒரு கணக்கு யாரிடமும் இல்லை.

இதைப் படித்துச் சொன்னபோது அம்மா நம்பவில்லை. “எங்கப்பா வீட்டு நாய் ரசஞ்சோறு தின்னே பதினாலு வருஷம் இருந்துச்சுடா” என்றார். அது எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டேன். கையை இடுப்பு உயரத்துக்குக் காட்டினார், பிறகு கீழே வாலாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். இப்போது குழம்பு ஊற்றுவதற்கு முன்பே அதன் சோறு தனியாக எடுத்துவைக்கப்படுகிறது. தேங்காய் உடைகிற சத்தத்துக்கு அது இன்னும் ஓடிவருகிறது. கிடைப்பது மேலே தூவிய ஒரு சிட்டிகைத் துருவல்.