ராம்ப் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள்

மேம்பாலத்துக்கு இன்னொரு ராம்ப், அதாவது ஏறி இறங்கும் சரிவுப் பாதை, கட்டினால் நெரிசல் தீர்ந்துவிடும் என்று பெங்களூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாலைத் திட்டங்களுக்காக வண்டிகளை எண்ணி வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். ஒரு ராம்ப் வரைபடம் கைக்கு வந்தால் முதலில் அது இறங்கும் இடத்தைத்தான் பார்ப்பேன்.

கணக்கு சின்னதுதான். சிக்னல் இல்லாத சாலையில் ஒரு லேனில் மணிக்குச் சுமார் 1,800 கார்கள் போகலாம். அதே லேன் கீழே ஒரு சிக்னலில் போய் முட்டுகிறது, அங்கே மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் பச்சை எரிகிறது என்றால் ஏறக்குறைய 600தான் தாண்டும். மீதி ராம்ப் மேலேயே நிற்கும். நம் ஊரில் பைக்கும் ஆட்டோவும் கலந்து வருவதால் எண்கள் கொஞ்சம் மாறும், விகிதம் மாறாது.

நகரின் வடக்கே உள்ள ஹெப்பால் சந்திப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மேம்பாலம் 2003இல் திறந்தது. 2008இல் தேவனஹள்ளியில் விமான நிலையம் வந்தது, வடக்கே அபார்ட்மென்ட்கள் வரிசை கட்டின. பல்லாரி சாலையும் வெளிவட்டச் சாலையும் கொண்டுவந்து கொட்டிய வண்டிகள் பாலத்தின் மேல் திணறின. 2025 ஆகஸ்டில் கே.ஆர்.புரம் பக்கத்திலிருந்து மேக்ரி சர்க்கிள் திசைக்கு, சுமார் 700 மீட்டர் நீளத்தில், புது லூப் (வளைந்து போகும் ராம்ப்) திறந்தார்கள். தேவையான வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காக மேக்ரி சர்க்கிள் ஒரு அடிகூட அகலமாகவில்லையே!

இறங்கும் இடத்தில் சிக்கல் எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? ராம்பிலிருந்து வருபவர் அடுத்த சந்தில் இடதுபக்கம் திரும்ப வேண்டும். சர்வீஸ் ரோட்டில் வருபவர் வலதுபக்கம் ஏறி நேராகப் போக வேண்டும். இருவரும் ஐம்பது அறுபது மீட்டருக்குள் ஒருவரை ஒருவர் குறுக்கே வெட்ட வேண்டியிருக்கும். அதே இடத்தில் ஒரு பஸ் ஸ்டாப்பும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நடைபாதை இல்லாததால் ஆட்கள் ரோட்டில் இறங்கி நிற்பார்கள், பஸ் அவர்களுக்காக நடு லேனிலேயே நிற்கும், பின்னால் வால் ராம்ப் உச்சிவரை நீளும். பஸ் ஸ்டாப்பைக் கொஞ்சம் முன்னே தள்ளி, பஸ் ஒதுங்க ஒரு குழிவு விட்டால் பாதித் தலைவலி போகும். ராம்ப் செலவோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு. டெண்டரில்தான் அதற்கு இடம் இருப்பதில்லை.

ஊருக்குப் போக சில்க் போர்டு சந்திப்பில் பெட்டியோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராகிகுட்டாவிலிருந்து அங்கே வரும் டபுள் டெக்கர் (மேலே மெட்ரோ, கீழே சாலை) மேம்பாலத்தில் 2024 ஜூலையில் ஒரு பக்கம் மட்டும் திறந்தார்கள். வண்டிக்கு வழி கிடைத்தது, நடந்து கடப்பவர் பாடு அப்படியே.

அப்புறம் நிலம். ராம்ப் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினாலே பக்கத்து மனைகளின் விலை ஏறிவிடும். வேகமாகப் போகலாம் என்பதை நம்பி இன்னும் தள்ளி வீடு வாங்குவார்கள், பஸ்ஸில் போனவர் கார் எடுப்பார், சில வருடங்களில் மிச்சப்பட்ட நேரம் கரைந்துவிடும். ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டிக்கு 2010இல் பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலச் சாலை வந்தது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறவருக்கு அது வரம். நடுவில் கூட்லு கேட்டிலோ சிங்கசந்திராவிலோ இருப்பவருக்கு இன்றும் கீழ்ச்சாலைதான். சில இடங்களில் ராம்ப் சுவர் எழும்பியதும் எதிர்ப்பக்க வாடிக்கை போய் மளிகைக் கடைகள் காற்று வாங்குவதையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, 'ராம்பிலிருந்து ஐந்தே நிமிடம்' என்று விளம்பரம் பார்த்து ஃபிளாட் வாங்கப் போகிறீர்களா? சரி, ஞாயிற்றுக்கிழமை பார்க்காதீர்கள். வேலை நாளில் காலை ஒன்பதுக்கு ஒருமுறை, மாலை ஏழுக்கு ஒருமுறை போங்கள். அந்த ராம்ப் ஏறுவதா, இறங்குவதா, இரண்டுமா என்று கேளுங்கள். ஏறுவது மட்டும் என்றால் வீடு திரும்பும்போது எங்கே யூ-டர்ன் எடுக்க வேண்டும் என்று ஓட்டிப் பாருங்கள். குழந்தையோடு ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தும் பாருங்கள்.