அந்தக் கரி மூட்டை தோப்புக்குப் போகக் கூடாது

போன வாரம் கோவைப் பக்கம் ஒரு பிளேட்டிங் பட்டறைக்குப் போயிருந்தேன். நிக்கல், குரோம் இரண்டும் பூசுகிற இடம். கழிவுநீர் சுத்திகரிப்பில் கார்பன் ஃபில்டருக்குப் புதுக் கரி நிரப்பியிருந்தார்கள். நல்ல விஷயம்தான். பழைய கரி எங்கே என்று கேட்டேன்.

"நம்ம சூப்பர்வைசர் தோப்புக்கு வேணும்னாருங்க, 14 மூட்டை குடுத்துட்டோம். தேங்காத் தொட்டிக் கரிதானுங்களே, மண்ணுக்கு நல்லதுன்னாங்க" என்றார் உரிமையாளர்.

இந்த ஒரு வருடத்தில் இது மூன்றாவது தடவை. ஒரு இடத்தில் காயவைத்து இஸ்திரிப் பெட்டிக்குக் கொண்டுபோனார்கள். இன்னொரு இடத்தில் ஆட்களுக்குச் சமைக்கிற அடுப்புக்கே போட்டுவிட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. 'தாவரக் கரி', 'இயற்கை முறை' என்று விற்பவர்கள் சொல்லிச் சொல்லி, அது எந்த நிலையிலும் தீங்கில்லாத பொருள் என்று மனதில் பதிந்துவிட்டது. ஃபில்டருக்குள் போகும்போது அது தேங்காய்த் தொட்டிக் கரி. வெளியே வரும்போது அது உலோகம் ஏறிய கரி.

உலோகம் என்பது தனிமம். சாயத்தை உடைக்கலாம், எண்ணெயைக் கிருமிகளுக்குக் கொடுத்துச் செரிக்க வைக்கலாம். நிக்கலையும் காரீயத்தையும் எதுவும் செரிக்காது. கரி அவற்றைத் தண்ணீரிலிருந்து வாங்கித் தன் மேல் ஒட்ட வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒரு கிராம் கரி 10 மில்லிகிராம் உலோகத்தைப் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 கிலோ மூட்டையில் கால் கிலோ உலோகம் இருக்கும். அது குரோமியம் என்றால், குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கால் கிலோ கரைந்தால் 50 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்கு ஏற்றிவிடும். ஒரே ஒரு மூட்டை!

'ஒட்டினது ஒட்டினதுதானே, எப்படிக் கழலும்?' என்று கேட்கிறார்கள். அமிலம் பட்டால் நிக்கலும் காரீயமும் கழலும். காரம் பட்டால் குரோமேட் என்கிற குரோமியச் சேர்மம் கழலும். லேபில் கரியை மறுபடி பயன்படுத்த நாங்கள் செய்வதே இதுதான். தோட்டத்து மண்ணில் உரமும் எருவும் சுண்ணாம்பும் விழாத நாள் உண்டா? எரிப்பது இன்னும் மோசம். கரி எரிந்து போகும், உலோகம் சாம்பலில் தங்கும். மரச்சாம்பல் காரத்தன்மை உள்ளது. பட்டறைக் கழிவில் குரோமியம் இரண்டு வடிவில் இருக்கும்: மூன்றாம் நிலை, ஆறாம் நிலை. அந்தச் சூட்டில் காற்றோடு சேரும்போது, ஆபத்துக் குறைந்த மூன்றாம் நிலைக் குரோமியத்தில் ஒரு பங்கு புற்றுநோய் உண்டாக்கும் ஆறாம் நிலைக்கே திரும்பிவிடும். அந்தச் சாம்பலில் பாத்திரம் தேய்த்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, நான் போகிற இடமெல்லாம் கேட்கிற பேச்சு. "மஞ்ச நெறம் போயிருச்சு சார், குரோம் போயிருச்சு." ஒரு டம்ளரில் தெளிந்த தண்ணீரைக் கொண்டுவந்து காட்டுவார்கள். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மஞ்சள் நிறம் ஆறாம் நிலைக் குரோமியத்துடையது. அமிலத் தண்ணீரில், பி.எச். (அமில-கார அளவு) 2 அல்லது 3 இருக்கும்போது, கரி அதைப் பிடிப்பதோடு நிற்காது, தானே எலக்ட்ரானைக் கொடுத்து அதை மூன்றாம் நிலைக்கு மாற்றும். மாறியதில் ஒரு பகுதி கரியில் தங்கும், மீதி தண்ணீரிலேயே கரைந்து ஓடும். மூன்றாம் நிலைக்கு வெளிறிய பச்சை நிறம். அளவு குறைவாக இருந்தால் கண்ணுக்கே தெரியாது. பட்டறையில் வைத்திருக்கிற ஊதா நிறம் காட்டும் சோதனையும் ஆறாம் நிலையை மட்டும்தான் காட்டும். ஆக, மஞ்சளும் இல்லை, ஊதாவும் வரவில்லை, குரோமியம் மட்டும் குழாய் வழியே போய்க்கொண்டிருக்கிறது. மொத்தக் குரோமியம் எவ்வளவு என்று லேபில் அணு உறிஞ்சல் கருவியில் பார்த்த அறிக்கை இல்லாமல் என்னிடம் டம்ளரை நீட்டாதீர்கள். நிக்கலுக்கும் இதேதான். லிட்டருக்கு 10 மில்லிகிராம் இருந்தாலும் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெரியும். துத்தநாகத்துக்கு நிறமே கிடையாது.

சதவீதக் கணக்கும் இப்படித்தான் ஏமாற்றும். புளியங்கொட்டை, நிலக்கடலைத் தோல், சீமைக்கருவேலம் என்று கல்லூரி மாணவர்கள் விதவிதமாகக் கரி செய்து '98 சதவீதம் நீக்கம்' என்று கொண்டுவருகிறார்கள். உழைப்பை மதிக்கிறேன். ஆனால் லிட்டருக்கு 100 மில்லிகிராமில் 98 போனால் மிச்சம் 2. ஆறாம் நிலைக் குரோமியத்தை வெளியேற்ற வரம்பு 0.1. இருபது மடங்கு மேலே நிற்கிறோம். தவிர, அந்தச் சோதனை வாலை வடிநீரில் உப்பைக் கரைத்துச் செய்தது. பட்டறைத் தண்ணீரில் கால்சியம், எண்ணெய், சோப்பு, பளபளப்புக்குப் போடும் கரிமப் பொருள் எல்லாம் இருக்கும். கரியின் இடத்தை முதலில் அவைதான் பிடிக்கும்.

கரி வாங்கும்போது அயோடின் எண் 1100 என்று பெருமையாகச் சொல்வார்கள். அயோடின் எண் நுண்துளை எவ்வளவு என்று சொல்லும், நிக்கலை எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லாது. உலோகத்தைப் பெரும்பாலும் பிடிப்பது கரியின் மேற்பரப்பில் உள்ள அமிலக் கூறுகள். நீராவியில் அதிகச் சூட்டில் செய்த கரியில் அவை குறைவு, பாஸ்பாரிக் அமிலத்தில் செய்ததில் அதிகம். உங்கள் தண்ணீரிலேயே சோதித்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

கரிக்கு அதன் இடத்தைக் கொடுங்கள், கடைசி இடம். ஒரு நாளைக்கு 10,000 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 50 மில்லிகிராம் உலோகம் என்றால் தினமும் அரைக் கிலோ உலோகம். மேலே சொன்ன கணக்கில், ஒரு கிராம் கரிக்கு 10 மில்லிகிராம் என்றால், தினமும் 50 கிலோ கரி வேண்டும். யாருக்கும் கட்டுப்படியாகாது, அதனால் மாற்ற மாட்டார்கள், நிறைந்த கரி வழியாகவே தண்ணீர் ஓடும். முதலில் மெட்டா பைசல்பைட் போட்டு குரோமை மூன்றாம் நிலைக்கு மாற்றி, சுண்ணாம்பில் பி.எச். உயர்த்தி, வண்டலாக இறக்குங்கள். 2 மில்லிகிராமுக்கு வந்த தண்ணீரைக் கரிக்கு அனுப்பினால் நாளைக்கு 2 கிலோ கரி போதும். நிக்கல் இறங்க பி.எச். 10 வரை போக வேண்டும், குரோமுக்கு அவ்வளவு வேண்டாம். அதனால் இரண்டு தண்ணீரையும் ஒரே தொட்டியில் கலக்காதீர்கள். சயனைடு கலந்த முலாம் தொட்டித் தண்ணீர் இருந்தால் அது தனிக் குழாயில்தான் வர வேண்டும். அதில் அமிலம் விழுந்தால் எழும் வாயு ஆளைக் கொன்றுவிடும்.

இன்னொன்றைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். கரி டேங்குக்குள் ஆளை இறக்காதீர்கள். ஈரமான கரி மூடிய டேங்கில் இருக்கிற ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். வாடை வராது, மூச்சும் முட்டாது, உள்ளே போனவர் அப்படியே விழுவார். அவரைத் தூக்கப் போகிறவரும் விழுவார். கரியைத் தண்ணீரோடு சேர்த்துக் குழாய் வழியாக வெளியே எடுக்க வழி இருக்கிறது, செலவும் பெரிதில்லை. இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஆக்சிஜன் மீட்டர், காற்று ஊதி, இடுப்பில் கயிறு, மேலே ஒரு ஆள். இதில் ஒன்று இல்லையென்றாலும் வேலையை நிறுத்துங்கள்.

பழைய கரியை 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி மூட்டையில் பெயர் எழுதி, கூரைக்குக் கீழே, சிமெண்ட் தரையில் வைத்து, அனுமதி பெற்ற கழிவு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். வேலை செய்கிறவர்கள் கேட்டால் அவர்களுக்குப் புரிகிற மாதிரி காரணத்தைச் சொல்லி மறுத்துவிடுங்கள். கரி வேண்டுமென்றால் புதுக் கரி ஒரு மூட்டை வாங்கிக் கொடுங்கள்.

அன்று சாயங்காலமே உரிமையாளரையும் கூட்டிக்கொண்டு அந்தத் தோப்புக்குப் போனோம். 11 மூட்டை பிரிக்காமல் கிடந்தது, வண்டியில் ஏற்றினோம். மூன்று மூட்டையை மரத்தடி வட்டப் பாத்தியில் கொட்டிக் கொத்திவிட்டிருந்தார்கள். கரியோடு மேல்மண்ணையும் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி அள்ளினோம். சூப்பர்வைசரின் அம்மா மோர் கொடுத்துவிட்டு, "தண்ணி குடிக்கலாமுங்களா சாமி?" என்று கேட்டார். கிணற்று நீரில் சாம்பிள் எடுத்து லேபுக்குக் கொடுத்திருக்கிறோம். முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுபோய் இறக்க உரிமையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.