புதுக் குடிநீர்க் குழாய்: தண்ணீர் விடும் முன் எந்தத் தாளைக் கேட்க வேண்டும்?

புதிதாகப் பதித்த குடிநீர்க் குழாயில் குளோரின் நிரப்பி, அலசி, கிருமிப் பரிசோதனையில் தேறிய பிறகே வீடுகளுக்குத் திறக்க வேண்டும். விதி அவ்வளவுதான். குழாய் புதிது என்பதற்காக அது சுத்தம் என்று ஆகிவிடாது. பள்ளத்தோரம் வாய் திறந்து கிடந்த நாட்களில் சேறும் சாக்கடைத் தண்ணீரும் உள்ளே போயிருக்கும்.

திறந்த வாரத்திலேயே பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டு, அலுவலகத்துக்கு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். "டெஸ்ட் எல்லாம் பாஸ்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அது அழுத்தச் சோதனைச் சான்று. கசிவு இல்லை என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி, கிருமி இல்லை என்பதற்கு அல்ல. பெரும்பாலானோர் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள்.

சுத்திகரிப்பு நிலையத்து அறிக்கையைக் காட்டினாலும் ஏற்காதீர்கள். மாதிரி எடுத்த இடம் உங்கள் புதுக் குழாயாக இருக்க வேண்டும், அதன் கடைசி முனையும் சேர்த்து. குளோரின் தண்ணீரை வெளியேற்றி அலசிய பிறகு எடுத்ததா என்று தேதியும் நேரமும் பாருங்கள். மருந்து நிற்கும்போதே பிடித்த தண்ணீரில் கிருமி எப்படி வளரும்? மிச்சக் குளோரினை முறிக்க, ஆய்வக பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் போட்டிருக்கும். சாதாரண வாட்டர் பாட்டிலில் பிடித்துப் போனால் அந்த முடிவை நம்ப முடியாது. காலையில் எடுத்து மாலையில் முடிவு என்றாலும் சந்தேகப்படுங்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கவே பொதுவாக ஒரு நாள் ஆகும்.

"இத்தனை கிலோ பிளீச்சிங் பவுடர் போட்டோம்" என்பது பதிலே அல்ல. பிரித்து நாளான மூட்டையில் வீரியம் இருக்காது. அமெரிக்கக் குடிநீர்ப் பணிகள் சங்கத்தின் சி651 தரத்தில் உள்ள ஒரு முறைப்படி, லிட்டருக்கு 25 மில்லிகிராம் குளோரினுடன் நிரப்பி, 24 மணி நேரம் கழித்து அளந்தால் குறைந்தது 10 மிஞ்ச வேண்டும். அந்தக் கடைசி அளவைக் கேளுங்கள்.

ஒப்பந்ததாரர் பொறியாளரைக் கை காட்டுவார், பொறியாளர் ஆய்வகத்தை. இந்த அலைச்சலே வேண்டாம். தண்ணீர் திறந்துவிடும் அலுவலகத்துக்கே எழுதுங்கள்: "எங்கள் தெருப் புதுக் குழாயின் கிருமிநீக்கப் பதிவும் கோலிஃபார்ம் பரிசோதனை அறிக்கையும் வேண்டும்." கோலிஃபார்ம் என்பது தண்ணீரில் அசுத்தம் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் கிருமி வகை. உங்கள் கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அறிக்கை கைக்கு வரும்வரை கொதிக்கவைத்துக் குடியுங்கள். குழாயைத் திறந்ததும் குளோரின் நெடி மூக்கைத் துளைத்தால் அதைக் கொதிக்கவைத்தும் குடிக்க வேண்டாம், தொட்டியிலும் ஏற்ற வேண்டாம். குழாயைச் சரியாக அலசவில்லை என்று அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.